என் காலில் விழுந்தவர்கள்

எங்கள் வீட்டு ஹாலில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கிறது. நடுவில் ஒரு மரப்பலகை. அதன்மேல் நான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். உள்ளங்காலிலிருந்து தாடை வரை உடம்பு உதறுகிறது. பல்லோடு பல் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது.

"சாமி வந்துடுச்சு! சாமியே சரணம் ஐயப்பா!" என்று யாரோ கத்தினார்கள். டோலக் வாசித்துக்கொண்டிருந்தவர் இன்னும் வேகமாக வாசித்தார். தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா என் காலில் விழுந்தார். யார் என்று பார்த்தேன். தொழிற்சாலையில் என் செக்‌ஷன் அதிகாரியின் மனைவி. போன மாதம்தான், காலையிலேயே என் வாய் நாறுகிறது என்று சொல்லி என்னை மெஷினிலிருந்து ஸ்டோருக்குத் தூக்கி அடித்தவர் அந்த அதிகாரிதான். அவருடைய மனைவி இப்போது என் பாதத்தில் நெற்றியை வைத்து, "சாமி, ஒரு வாக்கு சொல்லுங்க சாமி" என்று அழுகிறார்.

எனக்குத் தெரியும். மண்டையில் எங்கோ ஒரு ஓரத்தில் தெளிவாகவே தெரியும். வந்திருப்பது சாமி இல்லை. இரண்டு நாளாக நான் சரக்கு அடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

தெரிந்தும் அந்த அம்மாவின் தலையில் கை வைத்தேன். திருநீறும் பூசினேன். தூ, என்ன ஜென்மம்!

இந்தத் தொடரில் இதுவரை ஆவடியையும் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையையும் ஷிப்ட் சங்கையும் பற்றி ஜாலியாக எழுதிக்கொண்டு வந்தேன். போன வாரம் ஒரு வாசகர், "உங்களுக்கு வருத்தம் என்று ஒன்று வாழ்க்கையில் இருந்ததே இல்லையா சார்?" என்று கேட்டிருந்தார். வருத்தம் கொஞ்சம்தான் சார். வெட்கம் நிறைய இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எல்லாம் எழுதிக்கொண்டிருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

ஊரே யோக்கியமாகிற மாதம்

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கத்தில் சரக்குக் கடை வாசலில் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, எங்கே போனாலும் இதே கதைதான். நேற்று வரை சட்டையில்லாமல் ரோட்டோரம் விழுந்து கிடந்த ஆள், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் செருப்பில்லாமல் நடந்து போவார்.

எங்கள் ஜமாவில் யாரும் "வேணாம்" என்று சொன்னால் விடமாட்டார்கள். "டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்" என்றால் சிரிப்பார்கள். "வீட்ல சண்டை" என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஆனால் "மாலை போட்டிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஊற்றின கையைத் துடைத்துக்கொண்டு, "சாமி, மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு ஒதுங்குவார்கள். குடிக்காமல் இருப்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே கௌரவமான காரணம் அதுதான்.

நானும் பல வருஷம் மாலை போட்டவன். ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டேன். மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றி, அரவணை டப்பாவை வீட்டில் வைத்த கையோடு நேராகக் கடைக்குப் போவேன்.

என் மனைவி சுமதி சண்டைக்கு வந்தால் இதைத்தான் அவள் முகத்தில் வீசுவேன். "பாத்தியா இல்ல? நினைச்சா விட்டுடுவேன். குடிகாரனா இருந்தா விட முடியுமாடி?" நான் குடிகாரன் இல்லை என்பதற்கு வருஷா வருஷம் ஐயப்பனையே சாட்சிக்குக் கூப்பிட்டவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெண்டாட்டியும்தான். மற்ற நாளில் "யோவ், சோறு போட்டு வச்சிருக்கேன், கொட்டிக்கோ" என்பவள், அந்த நாட்களில் "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். என் பெண் நித்யா "சாமி, ஃபேன் போடட்டுமா?" என்று கேட்பாள். வாட்ச்மேன் எழுந்து நிற்பார்.

அந்த மரியாதைக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று யாருக்கும் தெரியாது. குடிக்கு அடுத்தபடியாக எனக்கிருந்த போதை அதுதான்.

தண்ணீர் பாட்டில்

சாயங்காலக் குடி எப்போது காலைக் குடியாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாறிவிட்டது.

காலையில் எழுந்தால் கை நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஷேவ் பண்ணினால் கன்னத்தில் கோடு கோடாக ரத்தம் வரும். தொழிற்சாலை வாசலில் விரலை வைக்கிற மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். நான் விரலை வைத்தால், "மீண்டும் முயற்சிக்கவும்" என்று அது கத்திக்கொண்டே இருக்கும். எனக்குப் பின்னால் நிற்கிற வரிசை முழுக்க என் விரலையே பார்க்கும்.

அதனால் உள்ளே போகும் முன்பே ஸ்கூட்டர் ஸ்டாண்டில், சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து நின்று, தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்திருந்ததை நான்கு மடக்கு விழுங்குவேன். கொஞ்ச நேரத்தில் கை நிற்கும். விரல் மெஷினும் வாயை மூடும். அதை நான் குடி என்றே கணக்கில் வைக்கவில்லை. மருந்து என்று நினைத்தேன்.

அந்த நிலைமையில்தான் அந்த வருஷத்துக் கார்த்திகை வந்தது.

எங்கள் பிளாக்கிலேயே கடைசி வீட்டில் குருசாமி இருந்தார். ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பெண்ணும் மாப்பிள்ளையும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டார். எத்தனையோ வருஷமாக எங்களுக்கெல்லாம் மாலை போட்டுவிட்டு மலைக்கு அழைத்துப் போகிறவர். திண்டுக்கல் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். சுமதி அவரிடம் போய் நின்று அழுதிருக்கிறாள்.

"அழுவாதம்மா. ஐயப்பன் கழுத்துல ஏறிட்டார்னா பாட்டில் கிட்டக்கூட வராது. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்" என்றாராம்.

எங்கள் பக்கத்தில் குடிக்கு அதுதான் வைத்தியம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவோம், பல்வலிக்கும் போவோம். குடியை விடுவதற்கு டாக்டரிடம் போகலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வெட்கம் ஒரு காரணம். அதை நோய் என்றே யாரும் நினைக்காதது இன்னொரு காரணம்.

முதல் நாள் ராத்திரி வரைக்கும் முட்ட முட்டக் குடித்தேன். மறுநாள் காலையில் கோயிலில் மாலை ஏறியது.

சுவரில் எறும்பு

அன்றைக்கே வியர்த்துக் கொட்டியது. விரதச் சூடு என்றேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஹால் சுவரில் எறும்புச் சாரை ஒன்று மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"இன்னா சாமி பண்றீங்க?" என்றாள் சுமதி.

"எறும்பு தெரியல உனக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பஜனை. முன்பே பேசி வைத்தது, தள்ளிப் போட முடியாது. ஹால் நிறைய ஆட்கள், வாசல் வரை செருப்பு. சரணம் சொல்லச் சொல்ல, டோலக் அடிக்க அடிக்க, ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழுந்தது. கை நடுங்கியது, அப்புறம் தோள், அப்புறம் மொத்த உடம்பும். அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க அதிகமாயிற்று. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது: சாமி வந்துடுச்சு.

பலகை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. யார் தூக்கி உட்கார வைத்தார்கள் என்றும் தெரியாது. ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். என்னோடு பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தார். என் ஸ்கூட்டரைத் தன் வாசலில் நிறுத்தக் கூடாது என்று கத்துகிற மாடி வீட்டு அம்மா விழுந்தார்.

சுமதியும் விழுந்தாள். விழுவதற்கு முன் என் கையை ஒரு நொடி பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பற்றி வெகுநாள் கழித்துக் கேட்டேன். "எனக்குத் தெரியும்யா. தெனம் காலைல பாக்கற கைதானே? ஆனா அத்தினி பேர் உன்னக் கும்பிடறாங்க. கட்டிக்கினு வந்ததுலருந்து ஒரு நாளாவது அந்த மாதிரி பாத்திருக்கனா நானு? கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றாள்.

நித்யா கேட்டது

கடைசியாக நித்யா வந்தாள். அப்போது அவள் காலேஜில் சேர்ந்த புதிது. சின்ன வயதிலிருந்தே என் பக்கத்தில் வந்து உட்காராத பெண். என் வாடை அவளுக்கு ஆகாது. நான் ஹாலுக்கு வந்தால் அவள் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

அவள் வந்து என் முன்னால் மண்டியிட்டாள். கை கூப்பினாள். என் கண்ணை நேராகப் பார்த்தாள். எத்தனை வருஷம் கழித்து அவள் என்னை அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லையே.

"சாமி, எங்கப்பா குடிக்கக் கூடாது சாமி. எங்கம்மா பாவம். நான் ஃப்ரெண்ட்ஸ் யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதில்ல சாமி. நீங்கதான் எங்கப்பாவ மாத்தணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

டோலக் நின்றுவிட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. செக்‌ஷன் அதிகாரியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அம்மா, நான்தான்டி உங்கப்பன், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று அவள் தோளில் விழுந்திருக்க வேண்டும். வாய் வரை வந்தது என்றுகூடப் பொய் சொல்ல ஆசையாக இருக்கிறது. வரவில்லை.

நடுங்குகிற கையால் திருநீறு எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். அது கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, "நடக்கும், போ" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வாசலில் வரிசை

விஷயம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் தேங்காயுமாக வரிசை நிற்கிறது. குருசாமி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். நான் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தேசிங்குக்குப் போன் போட்டேன்.

தேசிங்கு ஆட்டோ ஓட்டுகிறவன். என்னோடு கடையில் நின்று குடித்துக் குடித்தே சிநேகமானவன். "மாமே, ஒரே ஒரு கட்டிங். யாருக்கும் தெரியாம வாங்கிட்டு வா. செத்துடுவேன்டா" என்றேன். கழுத்தில் மாலையோடு கேட்டேன். ஐயப்பனாவது ஒன்றாவது.

அவன் வந்தான். பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலை எடுக்கவே இல்லை.

"டேய், இன்னாடா இது? எத்தினி நாளா குடிக்கல நீ?"

"மாலை போட்டதுலருந்து."

"அய்யோ! வெளிய சாமின்னு சொல்லிகினு கீறாங்கோ. இது சாமி இல்ல மச்சான். எங்கண்ணன் இப்டித்தான் திடீர்னு நிறுத்தினான். ஒதறிகினே இருந்தான். பேய் புடிச்சுக்கீதுன்னு மந்திரிக்க இட்டுகினு போனோம். வலிப்பு வந்து வழியிலயே பூட்டான்டா. ஏந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சுமதி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஹாலுக்குப் போய்க் குருசாமியிடம் சொன்னாள். அவர் கையை உயர்த்தினார். "சாமி இன்னும் எறங்கலம்மா. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி, ஊசின்னு தீட்டு பண்ணக் கூடாது. தெய்வக் குத்தம் ஆயிரும்." வரிசையில் நின்ற பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். தேசிங்கை ஒருவர் முகர்ந்து பார்த்து, "குடிச்சிட்டு வந்து சாமிய கேவலமா பேசறான்" என்றார்.

எனக்கு எல்லாமே கேட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பியிருப்பார்கள், ஏனென்றால் அப்போது நான் சாமி ஆயிற்றே. நான் சொல்லவில்லை. அதிகாரியின் மனைவி அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, "அம்மா, நேற்று உங்கள் தலையில் கை வைத்தது சரக்கு" என்று சொல்வதைவிடச் செத்துப் போகலாம் என்று தோன்றியது. நிஜமாகவே செத்துப் போயிருப்பேன்.

வலிப்பு வந்து விழுந்தது எனக்குத் தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டதும் வேட்டி நனைந்ததும் சுமதி சொல்லித் தெரியும். "சாமி மூத்தரம் போவுமா? தள்ளுங்க எல்லாரும்!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் வரிசை கலைந்ததாம்.

கடைசியாக எப்போது?

தேசிங்கின் ஆட்டோவில் அம்பத்தூரைத் தாண்டியபோது எனக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. முகப்பேர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. சுமதி பெயர் பதியும் இடத்துக்கு ஓடினாள். என் கட்டிலுக்கு ஒரு பக்கம் நித்யா, இன்னொரு பக்கம் குருசாமி. அந்த மனுஷரும் மனசு கேட்காமல் பின்னாலேயே பைக்கில் வந்துவிட்டார்.

டாக்டர் நித்யாவுக்கு அக்கா மாதிரி இருந்தார். நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"நான் குடிக்கறதில்லைங்க. மாலை போட்டிருக்கேன்."

"ஆமா டாக்டர், சாமி விரதத்துல இருக்காரு. ஒடம்பு சூடு" என்றார் குருசாமி.

டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாலை போடறதுக்கு முன்னாடி?"

ஒரு பக்கம் குருசாமி, ஒரு பக்கம் பெண். அவள் நெற்றியில் நேற்று நான் வைத்த திருநீறு போகாமல் இருந்தது. குளித்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சார், நீங்க சரியாச் சொன்னாத்தான் நான் சரியான மருந்து குடுக்க முடியும். இன்னொரு தடவ வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்து. எப்ப குடிச்சீங்க?"

"முந்தாநாளுக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. காலையில் எழுந்ததும் குடிப்பேன் என்றேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பாட்டில் இருக்கிறது என்றேன். "நேத்து வந்தது சாமி இல்லைங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உட்கார்ந்திருந்தேன்."

குருசாமி கட்டிலிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றார். நித்யா கர்ச்சீப்பை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும்

கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டர் உட்கார்ந்து விளக்கினார்.

"மூளைக்குள்ள பிரேக் ஒண்ணு, ஆக்ஸிலேட்டர் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. ஆல்கஹால் பிரேக்க அழுத்தும். அதனாலதான் குடிச்சா அமைதியா இருக்கற மாதிரி தெரியுது. நீங்க தினமும் அழுத்திட்டே இருந்தா மூளை என்ன பண்ணும்? வண்டி ஓடியாகணுமேன்னு ஆக்ஸிலேட்டரக் கூட்டி வச்சுக்கும். வருஷக்கணக்கா அப்படியே பழகிடும். ஒரு நாள் திடீர்னு பிரேக்லேர்ந்து கால எடுத்துட்டீங்க. என்ன ஆகும்?"

"பிச்சுக்கிட்டுப் போகும்" என்றேன்.

"அதான் நடுக்கம், எறும்பு, வலிப்பு எல்லாம். முன்னாடி வருஷமெல்லாம் உங்களால நிறுத்த முடிஞ்சுது, ஏன்னா மூளை அப்ப இந்த அளவுக்குப் பழகல. காலைலயே குடிக்கறவங்க வீட்ல தானா நிறுத்தவே கூடாது. இங்க வந்து, மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும். மாலை போடுங்க, தப்பில்ல. மொதல்ல இங்க வந்துட்டுப் போடுங்க."

இன்னொன்றும் சொன்னார். சந்தோஷம் என்றால் என்ன என்பதையே மூளை மறந்துவிடுமாம். நல்ல சாப்பாடு, நல்ல செய்தி எதற்கும் அது அசையாது. பாட்டில் மூடி திருகுகிற சத்தத்துக்குத்தான் முழித்துக்கொள்ளும்.

எனக்குச் சுருக்கென்றது. நித்யா பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மார்க் காட்டினாள். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. "ம்ம்" என்றேன். அப்புறம், இதைச் சாக்காக வைத்து இன்றைக்குச் சீக்கிரமே கடைக்குப் போகலாம் என்று தோன்றியது. அப்போதுதான் சந்தோஷமே வந்தது. நான் கல்நெஞ்சன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூளைக் கோளாறு என்று தெரிந்ததில் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த மூளையைக் கெடுத்தவன் நான்தானே?

விட்டமின் ஊசி, மாத்திரை, வேளா வேளைக்குக் கஞ்சி. நர்ஸ் வந்து "கையை நீட்டுங்க" என்பார். நீட்டுவேன். நடுக்கம் குறையக் குறைய மாத்திரையையும் குறைத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட் வாங்கியிருந்த ஒரு ஐ.டி.காரர். வலி மாத்திரை போடப் போட அதிலேயே மாட்டிக்கொண்டவர். ஆபீசில் டெங்கு என்று சொல்லி லீவு போட்டிருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்காவது சாமி சார், எனக்குக் கொசு" என்றார். அந்த வார்டில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

குருசாமி வந்தார். நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். மாலை கழுத்தில் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், எனக்குத்தான் கூசியது. அவர் முணுமுணுவென்று சரணம் சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

"எனக்குத் தெரியாமப் போச்சுப்பா" என்றார். அதுவரை சாமி என்று கூப்பிட்டவர். "போன வருஷம் ஒருத்தரு மாலை போட்ட நாலாம் நாள் போய்ச் சேந்தாரு. ஐயப்பனே கூப்பிட்டுக்கிட்டாருன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்." அவர் கண் கலங்கியது. மாலை சுற்றிய துணியை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம்

நித்யா மட்டும் வரவே இல்லை. "படிக்கிறா" என்பாள் சுமதி. அடுத்த நாளும் அதையே சொல்வாள்.

என் கை ஓரளவு நின்றுவிட்ட ஒரு மத்தியானத்தில் காலேஜ் பையோடு அவளே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அழுதேன் இல்ல? காலேஜ்ல ஒருத்திக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்கப்பா சரக்கு சாமியாமேன்னு கேக்கறா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சிடும்மா என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த வார்த்தையை அவளிடமும் அவள் அம்மாவிடமும் எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லிச் சீரழித்து வைத்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்ப்பா" என்றாள். "நான் கேட்டப்ப 'நடக்கும், போ'ன்னு சொன்னியே. அது உனக்கு நெனவு இருந்துதா? இல்ல, அதுவும் அந்த எறும்பு மாதிரி மண்டைல வந்து உளறினதா?"

உளறல் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பார். தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

"நெனவு இருந்துதும்மா. நான்தான் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப நீதான் நடத்தணும்" என்றாள்.